பெரிய மாத்திரை

"நல்ல சேதி" என்று கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி பிலோமினம்மாள் சிரித்தபோது மருதப்பன் சட்டைப் பையிலிருந்த அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். சீன டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, இடது நெஞ்சின் மேல்பக்கம் பென்சில் முனையால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். போன வருஷம் அந்த இடத்தில் ஒரு வெள்ளிக் காசு அளவுக்கு ஓட்டை இருந்தது. இப்போது ஆறிப்போன தழும்பு மாதிரிச் சுருங்கிக் கிடந்தது. டாக்டர் ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்தி நிறையப் பேசினார். மிஸ்ஸி எல்லாவற்றையும் சுருக்கித் தமிழில் சொன்னாள்.

"ஓட்டை மூடிருச்சு. சளியிலயும் கிருமி இல்ல. இன்னும் மூணு மாசம் மாத்திரைய விடாம சாப்பிட்டீங்கன்னா, வேலைக்குப் போகலாம்னு டாக்டர் எழுதிக் குடுத்துருவாரு."

மருதப்பன் இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டான். கும்பிடாமல் என்ன செய்வது? வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் இந்த ஒரு வார்த்தைக்காகத் தவம் கிடப்பவர்கள். அவன் மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டு அவர்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தான். 1964, சிங்கப்பூரில் தீபாவளிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. வேலைக்குப் போகலாம் என்ற சொல்தான் அவனைக் கடித்துக்கொண்டிருந்தது.

சயரோகக்காரர்களுக்கு அப்போது அரசாங்கம் மாதாமாதம் உதவிப் பணம் கொடுத்து வந்தது. வேலைக்குப் போகாமல் ஓய்வெடுத்து ஒழுங்காக மருந்து சாப்பிடட்டும், அதுவரை குடும்பம் பட்டினி கிடக்க வேண்டாம் என்று வெள்ளைக்காரன் காலத்தில் ஆரம்பித்த திட்டம். வெள்ளைக்காரன் ஒதுங்கி, சுயாட்சி வந்து, மலேசியாவில் சேர்ந்து, கொடி இரண்டு தடவை மாறிய பிறகும் மருதப்பனின் சட்டைப் பையில் இருந்த அந்த உதவி அட்டைக்கு மரியாதை குறையவில்லை. அதைக் காட்டினால் காசு வரும். பஃப்பளோ ரோட்டில், சாமான் கடைக்கு மேல்மாடியில், பலகை வைத்துத் தடுத்த ஜன்னல் இல்லாத அந்த அறைக்கு வாடகை அதில்தான் போனது. அரிசியும் மண்ணெண்ணெயும் அதில்தான். மகள் பூவம்மாவின் பள்ளிக்கூடச் சப்பாத்தும் அதில் வாங்கியதுதான். நோய் போனால் அட்டையும் போய்விடும்.

அவன் ஒன்றும் பிறவிச் சோம்பேறி இல்லை. ரோடு போடும் கூட்டத்தில் பதினான்கு வருஷம் தார்ப் பீப்பாய்க்காரனாக இருந்தவன். பீப்பாய்க்கு அடியில் விறகு வைத்து எரிப்பது பார்ப்பதற்குச் சுலபமான வேலை. நெருப்பு கொஞ்சம் தணிந்தால் தார் பாகு மாதிரி இறுகி வாளியில் ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் ஏறினால் பொங்கி வழிந்து ஆள் காலைப் பொசுக்கிவிடும். இரண்டுக்கும் நடுவில், அணையாமலும் கொதிக்காமலும், காலை ஏழு மணியிலிருந்து சாயங்காலம் வரை ஒரே பதத்தில் வைத்திருக்க வேண்டும். விறகை எப்போது உள்ளே தள்ளுவது, எப்போது வெளியே இழுப்பது என்று அவன் கண்ணாலேயே அளந்துவிடுவான். "மருதப்பன் பேச்சுக்குத் தாரு அடங்கும்லா" என்று வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் தங்கராஜு ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொள்வார். புக்கித் தீமா ரோட்டில் ஒரு மத்தியானம் அந்தப் பீப்பாய் ஓரத்திலேயே அவன் ரத்தமாகக் கக்கினான். பெருமை அடித்துக்கொண்ட மண்டோர் மறுநாளே வேறு ஆளைப் போட்டார். குத்தகைக்காரனிடம் வேலை பார்த்தவனுக்குப் பென்ஷனும் இல்லை, ஒன்றும் இல்லை.

மருந்து ஆரம்பித்து ஆறாம் மாதம் உடம்பில் கொஞ்சம் தெம்பு வந்தபோது, சும்மா உட்கார்ந்து கைநீட்டி வாங்குவது அவனுக்கு உறுத்தியது. யாருக்கும் சொல்லாமல் காலாங் ஆற்றோரத்தில் ஒரு மரக்கிட்டங்கியில் ஜாகா வேலைக்குப் போனான். கதவோரம் உட்கார்ந்து லோரிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மூன்று வாரம் ஓடியது. ஒருநாள் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்த அட்டை, கணக்கெழுதும் கிராணியின் காலடியில் விழுந்தது. கிராணி அதை எடுத்துப் படித்தார். ஒரு குச்சியை எடுத்து, மருதப்பன் தண்ணீர் குடிக்கிற டம்ளரை அதன் நுனியில் மாட்டிக்கொண்டு போய் ஆற்றில் போட்டுவிட்டு வந்தார். பிறகு கதவைக் காட்டினார். தொத்துகிற கட்டம் தாண்டிவிட்டது என்று டாக்டர் சொன்னதை மருதப்பன் அவரிடம் சொல்லிப் பார்த்தான். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். அந்த டம்ளர் தண்ணீரில் கொஞ்ச தூரம் மிதந்து போய்ப் பிறகு முழுகியது இன்னும் அவன் கண்ணிலேயே நின்றது. நோயாளியாக இருந்தால் அரசாங்கம் சோறு போடுகிறது, குணமாகிவிட்டால் ஒருத்தனும் வேலை தரமாட்டான் என்று அன்றைக்கு அவன் மனசில் பதிந்தது பதிந்ததுதான்.

மனைவி முத்தாயி அப்படி நினைக்கிறவள் இல்லை. முன்பெல்லாம் நாலைந்து வீட்டுக்கு மிளகாய்த் தூளும் மல்லித் தூளும் இடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன்தான் நிறுத்தச் சொன்னான். ஆபீசர் வந்து பார்த்தால் உதவிப் பணத்தில் பிடித்துக்கொள்வார் என்று பயம். உரல் அறை மூலையில் கிடந்தது. அதன்மேல் துணி மூட்டையை வைத்திருந்தார்கள். கீழே கடையோர அஞ்சடி நடைபாதையில் புட்டு வைத்து விற்கிறேன் என்று அவள் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது கேட்பாள். அவன் வேண்டாம் என்பான். இப்படியே சும்மா இருந்து அவள் கை வலுவெல்லாம் போய்விட்டது.

அன்றைக்குக் கிளினிக்கிலிருந்து நடந்தே வந்தவன் தேக்கா மார்க்கெட் பக்கம் ரோச்சோர் கால்வாய்ப் பாலத்தில் நின்றான். பையில் இரண்டு பொட்டலம் இருந்தது. சின்ன மாத்திரை நாளைக்கு ஒன்று. பெரிய மாத்திரை நாளைக்குப் பன்னிரண்டு. பெரியது ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு, வயிற்றைப் பிரட்டும். இரண்டும் சேர்ந்துதான் நோயைக் கொல்கிறது என்று மிஸ்ஸி ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தாள். அப்படியானால் ஒன்றை மட்டும் சாப்பிட்டால்? நோய் சாகாது. ஆளையும் கொல்லாது. அணையாமலும் கொதிக்காமலும் நடுவில் நிற்கும். விறகைக் கொஞ்சம் வெளியே இழுத்துவிடுகிற மாதிரிதான் அவனுக்குத் தோன்றியது. பதினான்கு வருஷம் தப்பாத கணக்கு அது. அவன் பன்னிரண்டு மாத்திரைகளை எண்ணி எடுத்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தண்ணீரில் விட்டான். பாவி, அந்தக் கணக்கு நெஞ்சுக்குள் செல்லாது என்று அவனுக்கு யார் சொல்வது?

வீட்டில் அவன் நல்ல சேதியைச் சொல்லவில்லை. "எப்பவும் போலத்தான்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான். அதைச் சொன்னது சவரிராஜ்.

சவரிராஜ் நல இலாகா ஆபீசர். மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கூட்டரில் வந்து, கால்சட்டை மடிப்புக் கலையாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போவார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாடுகிற மனுஷன், குரலில் எப்போதும் ஒரு மென்மை இருக்கும். தீபாவளி முடிந்த வாரம் வந்தவர் முத்தாயியைப் பார்த்து, "என்னம்மா, வீட்டுக்காரருக்கு எக்ஸ்ரே கிளியர் ஆயிருச்சாமே, பலகாரம் எல்லாம் இல்லையா?" என்றார்.

முத்தாயி கையிலிருந்த கோப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள். "ஏங்க, சொல்லவே இல்ல?"

"தைப்பூசத்துக்குச் சொல்லலாம்னு இருந்தேன்" என்றான் மருதப்பன். எதற்குத் தைப்பூசம் என்று அவனுக்கே தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

அதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். அவனுக்கு நோய் கண்ட வருஷமே தேங்காய் உடைத்து வேண்டிக்கொண்டவள் அவள். நெஞ்சு ஆறினால் பால்குடம் எடுக்கிறேன் என்று மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். இந்த மனுஷன் அதை நினைவில் வைத்துக்கொண்டுதான் மூடி மறைத்திருக்கிறான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. ஆபீசர் முன்னாலேயே முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள்.

"ஜூரோங்ல புதுசு புதுசா பேக்டரி வருது மருதப்பன்" என்றார் சவரிராஜ். "டாக்டர் ஃபிட்னு எழுதட்டும். நான் ஒரு லெட்டர் தர்றேன். கேட்டுல ஜாகா வேலை, லைட் ஒர்க்தான். கவர்மெண்ட் எத்தனை நாளைக்குப் பாத்துக்கும் சொல்லுங்க. நம்ம கால்ல நாம நிக்கணும்லா."

"சரிங்க சார்" என்றான். லெட்டரைக் காட்டினால் இரும்புக் கதவைத் திறப்பார்கள், கிராணி மூக்கைப் பொத்தினால் அதற்கு லெட்டர் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டான். சவரிராஜ் சொன்ன வேலை நிஜமான வேலை. அந்த லெட்டரைக் கொண்டுபோய் அந்த வருஷம் நாலைந்து பேர் சேர்ந்து நன்றாகத்தான் இருந்தார்கள். அது மருதப்பனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவனை ஒரு டம்ளர் பிடித்துவைத்திருந்தது.

அன்றைக்கே முத்தாயி அவனுடைய தனித் தட்டைத் தூக்கிப் போட்டாள். கிளினிக்கில் சொன்னபடி இரண்டு வருஷமாக அவனுக்கு நீலக்கரை போட்ட தகரத் தட்டு தனி, குவளை தனி. பூவம்மா ஏழு வயது வரை அப்பன் சாப்பிட்டு முடிக்கும்போது எதிரில் வந்து உட்கார்ந்து கடைசிக் கவளத்தை அவன் கையால் வாங்கித் தின்பாள். நோய் வந்த பிறகு அது நின்றுபோயிருந்தது. இப்போது ஒன்பது வயது. அன்று ராத்திரிச் சோற்றுக்கு அவளாகவே வந்து எதிரில் உட்கார்ந்து வாயைக் காட்டினாள். முத்தாயி சிரித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். மருதப்பன் சோற்றை உருட்டினான். கொடுக்காமல் இருந்திருந்தால் ஏன் என்று கேட்பார்கள். கொடுத்தான்.

படுக்கையும் அப்படித்தான் ஆனது. நோயாக இருந்த காலத்தில் அவன் கீழே அஞ்சடியில் கான்வாஸ் கட்டில் போட்டுப் படுப்பான். காற்றோட்டம், யாருக்கும் தொல்லை இல்லை. ஜூலையில் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் கலவரம் வந்து ஊரடங்கு போட்ட பிறகு அஞ்சடியில் யாரும் படுப்பதில்லை. எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள். அவனும் வந்தான். அப்போது அவன் சளியில் கிருமி இல்லை, தோஷமும் இல்லை. மாத்திரையைக் கால்வாயில் விட ஆரம்பித்த பிறகு வெளியே போயிருக்க வேண்டும். போகத்தான் நினைத்தான். முதலில் மழைக்காலம் என்று இருந்தது. பிறகு, என்ன காரணம் சொல்லிக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போவது என்று இருந்தது. ஜன்னல் இல்லாத அந்த அறையில் மூன்று பேரும் ஒரே காற்றை இழுத்து விட்டுக்கொண்டு தூங்கினார்கள்.

சின்ன மாத்திரையை அவன் முத்தாயியின் கண்ணெதிரில் போட்டுக்கொள்வான். பெரியது கோப்பியோடுதான் இறங்குகிறது என்று சொல்லிப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காலையில் கிளம்புவான். பாலத்தில் ஒரு நிமிஷம் நிற்பான், பிறகு கோப்பிக் கடை. சிறுநீர் எடுத்துப் பரிசோதிப்பார்கள் என்று பெஞ்சில் ஒரு ஆள் சொல்லியிருந்ததால், கிளினிக்குப் போவதற்கு முன் இரண்டு நாள் மட்டும் பெரிய மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவான். விறகைக் கொஞ்சம் உள்ளே தள்ளுவது, பிறகு இழுப்பது.

தைப்பூசத்தன்று முத்தாயி மஞ்சள் புடவை கட்டி, பெருமாள் கோயிலிலிருந்து பால்குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். நாற்பது நாள் விரதம் இருந்து முகம் சுருங்கிப்போயிருந்தது. கூடவே பூவம்மா ஒரு சின்னச் செம்பில் பால் எடுத்து வந்தாள், தானும் அப்பாவுக்காக வேண்டிக்கொண்டதாகச் சொன்னாள். சிராங்கூன் ரோடு முழுக்க ஜனம். மருதப்பன் தோளில் துண்டோடு பக்கத்தில் நடந்தான். தார் உருகிக் காலைச் சுட்டது. அந்த ரோட்டில் பாதி அவன் காய்ச்சி ஊற்றிய தார். யாரோ வாளித் தண்ணீரை முத்தாயியின் காலில் ஊற்றினார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைய நடந்தாள். ஒரு திருப்பத்தில் கூட்டம் நெருக்கியதில் குடம் சாய்ந்து கொஞ்சம் பால் நெற்றியில் வழிந்தது. மருதப்பனுக்கு அப்போது அவள் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. டாங்க் ரோடு முருகன் கோயில் போய்ச் சேரட்டும், அபிஷேகம் ஆகட்டும், சொல்லலாம் என்று நினைத்தான். சேர்ந்தபோது அவள் இத்தனை நாளில் இல்லாத சந்தோஷமாக இருந்தாள். அன்றைக்குப் போய் அதை எப்படிக் கெடுப்பது என்று விட்டுவிட்டான்.

அந்த மாசக் கடைசியில் எக்ஸ்ரேயில் ஒரு நிழல் தெரிந்தது. டாக்டர் நெற்றியைச் சுருக்கினார், இன்னும் ஆறு மாதம் என்றார். வெளியே வந்த மருதப்பன் நிம்மதியாக மூச்சுவிட்டான். அவன் மூச்சுவிட்டது நிஜம், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. வீட்டில், "சின்னதா ஒரு நிழல் தெரியுதாம், ஒண்ணும் பயமில்ல" என்றான். முத்தாயி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"பாலு தளும்பிருச்சுங்க" என்றாள். "அந்தத் திருப்பத்துல. நான்தான் கவனமா இல்ல."

அன்றிலிருந்து செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் ஒருவேளைச் சோறுதான் என்று அவள் வைத்துக்கொண்டாள். மே மாதம் சளியில் மறுபடி கிருமி வந்தது. அதை அவன் வீட்டில் சொல்லவே இல்லை. சொன்னால் தட்டுத் தனியாகும், பூவம்மா எதிரில் வந்து உட்கார மாட்டாள். அவன் உடம்பும் இப்போது அவன் பேச்சைக் கேட்கவில்லை. சாயங்காலமானால் காய்ச்சல் அடித்தது. பயந்துபோய் ஒரு வாரம் பெரிய மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிட்டுப் பார்த்தான். கொஞ்சம் குறைகிற மாதிரி இருந்ததும் மறுபடி பாலத்துக்குப் போனான்.

ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை கோப்பிக் கடை ரேடியோவில், சிங்கப்பூர் மலேசியாவை விட்டுப் பிரிந்துவிட்டது என்று சொன்னார்கள். சாமான் கடைக்காரர் ஜமால் முகம்மது கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டே, "இனிமே நம்ம தனி நாடுலா. தண்ணி கூட அடுத்தவன்கிட்டதான் வாங்கணும். சும்மா உக்காந்து சாப்பிடுறவனுக்கு இனி எடமில்ல" என்றார். அவர் யாரையும் குத்திச் சொல்லவில்லை. மருதப்பனுக்கு வேர்த்துவிட்டது. புது நாட்டில் பழைய அட்டை செல்லுமா என்ற ஒன்றைத் தவிர அவனுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. கடைக்குள் ஆளாளுக்குச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். அட்டையும் இருந்தது, மாத்திரைப் பொட்டலமும் இருந்தது.

அடுத்த வாரம் சவரிராஜ் வந்தபோது அதைத்தான் முதலில் கேட்டான். "அதெல்லாம் உடனே ஒண்ணும் மாறாது" என்றார் அவர். "ஆனா மருதப்பன், ஒரேயடியா இதையே நம்பியிருக்கக் கூடாது." அப்போது பலகைத் தடுப்புக்கு வெளியே நடையில் ஒரு இருமல் கேட்டது. வறண்ட, சின்ன இருமல். விட்டு விட்டு வந்தது. சவரிராஜ் எழுதுவதை நிறுத்தினார்.

"யாரு இருமுறது?"

"பூவுதாங்க" என்றாள் முத்தாயி. "சளிக்காய்ச்சல். ஆடாதோடை கசாயம் போட்டுக் குடுக்கிறேன்."

"எத்தனை நாளா?"

முத்தாயி கணவனைப் பார்த்தாள். "ரெண்டு மாசம் இருக்குமாங்க?"

இருக்கும். மருதப்பனுக்கு நாள் தெரியும். முதல் இருமல் எந்தக் காலையில் வந்தது என்றுகூடத் தெரியும். அன்றிலிருந்து அவன் சரியாகத் தூங்கியதில்லை. சளிதான், பள்ளிக்கூடத்தில் மழையில் நனைந்தது என்று ஒவ்வொரு நாளும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான். சவரிராஜ் பூவம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தினார். கன்னத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அவர் நோட்டுப் புத்தகத்தை மூடினார். "நாளைக்கே கிளினிக்குக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

எக்ஸ்ரேயும் சளியும் பார்த்து முடிய ஒரு வாரம் ஆனது. வெளிச்சப் பெட்டியில் இந்தத் தடவை இரண்டு படம் மாட்டியிருந்தது, ஒன்று பெரிது, ஒன்று சின்னது. சின்னப் படத்தில் விலா எலும்புகள் கோழிக்குஞ்சினுடையது போல மெலிசாக இருந்தன. டாக்டர் அதைக் காட்டவில்லை. நாற்காலியை இழுத்து மருதப்பனுக்கு நேராகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, அவன் முகத்தைப் பார்த்தபடி மெதுவாகப் பேசினார். பிலோமினம்மாள் இந்தத் தடவை ஒன்றையும் சுருக்கவில்லை.

"உங்ககிட்ட இருந்துதான் புள்ளைக்கு வந்திருக்கு. அதுக்கு யாரும் உங்களைக் குத்தம் சொல்லல. டாக்டர் ஒண்ணே ஒண்ணு கேக்குறாரு. மாத்திரை ரெண்டையும் ஒழுங்கா சாப்பிட்டீங்களா? ஒண்ண சாப்பிட்டு ஒண்ண விட்டா, கிருமி மருந்துக்குப் பழகிப்போயிரும். அப்புறம் அந்த மருந்து கேக்காது. உங்களோட கிருமி அப்படிப் பழகிப்போனதுன்னா, புள்ளைக்கும் அதே கிருமிதான், அவளுக்கும் இந்த மாத்திரை கேக்காது. வேற மருந்து இருக்கு. கடுமையான மருந்து, காது கூடப் போகலாம், அதனால தெரியாம குடுக்க மாட்டாரு. லேப்ல பாத்துச் சொல்ல ரெண்டு மாசம் ஆகும். அவ உடம்புக்கு ரெண்டு மாசம் பெரிசு. நீங்க விட்டிருந்தா இப்ப சொல்லிருங்க. இன்னைக்கே மாத்திரலாம்."

அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பூவம்மா அம்மாவின் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, வெளிச்சப் பெட்டியில் தெரிந்த தன் எலும்புகளை அதிசயமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நாள் விட்டதில்ல மிஸ்ஸி" என்றாள் முத்தாயி. அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது. "சின்னதை நான்தான் தண்ணி மோந்து குடுப்பேன். பெரிசு கோப்பியோடதான் எறங்கும், பொட்டலத்தை எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போயிருவாரு. மழை பேஞ்சாலும் போவாரு."

பிலோமினம்மாள் இதை டாக்டரிடம் சொல்லவில்லை. மருதப்பனையே பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்குப் புரிந்தது. இதுதான் சமயம், ஒரே வார்த்தை. அந்த வார்த்தைக்குப் பின்னால் என்னென்ன வரும் என்று அவன் மனசு ஒரு நொடியில் ஓடிப் பார்த்தது. அட்டை போகும். அது போனால் அறை. அறைகூடப் போகட்டும். முத்தாயி இருக்கிறாளே, நாற்பது நாள் விரதம் இருந்து பால் சுமந்தவள், பால் தளும்பியதற்கு இன்றைக்கும் பட்டினி கிடக்கிறவள், அவள் இவன் பக்கம் திரும்பிப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. லேபில் எப்படியும் தெரிந்துவிடும், ஒருவேளை ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம் என்று அந்தக் கேடுகெட்ட மனசு ஒரு சந்து கண்டுபிடித்தது.

"சாப்பிட்டேன்" என்றான்.

மிஸ்ஸி இன்னும் ஒரு முறை கேட்டாள். இன்னும் ஒரு முறை சொன்னான். டாக்டர் பேனாவைத் திறந்து வழக்கமான மாத்திரைகளை எழுதினார்.

வெளியே சவரிராஜ் ஒரு படிவத்தோடு காத்திருந்தார். வீட்டில் இரண்டு நோயாளி இருந்தால் உதவிப் பணம் நிற்காது, கொஞ்சம் கூடவே வரும் என்று சொல்லி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். அவருக்கு அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது போல, குனிந்தபடியே பேசினார். ஜூரோங் லெட்டரைப் பற்றி அவர் அப்புறம் பேசவே இல்லை. முத்தாயி கையெடுத்துக் கும்பிட்டாள். "கவர்மெண்ட் கைவிடலைங்க" என்றாள். பூவம்மாவின் பெயரில் புதிதாக ஒரு அட்டை வந்தது. அவளுக்கு அது பள்ளிக்கூடத்து நூலக அட்டையைவிட அழகாக இருந்திருக்க வேண்டும். வீடு வரைக்கும் கையிலேயே வைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் முத்தாயி மூலையில் கிடந்த உரலின்மேல் இருந்த மூட்டையை இறக்கி வைத்தாள். அதை ஒரு துணியால் துடைத்தாள். "அடுத்த தைப்பூசத்துக்கு மறுபடி பால்குடம் எடுக்கிறேன். இந்தத் தடவை ஒரு சொட்டுச் சிந்த மாட்டேன்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு கீழே குழாயடிக்குப் போனாள்.

மத்தியான வெயில் படிக்கட்டு வரைக்கும் வந்து நின்றிருந்தது. அறைக்குள் விளக்கைப் போட்டுக்கொண்டு பூவம்மா தரையில் உட்கார்ந்து தன் பொட்டலத்தைப் பிரித்தாள். சின்னது ஒன்று, பெரியது ஆறு. சின்னதை உடனே போட்டுக்கொண்டாள். பெரியதை நாக்கில் வைத்ததும் குமட்டி உள்ளங்கையில் துப்பினாள். இரண்டு தடவை அப்படி ஆனது. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது.

"அப்பா, நீங்க எப்படி முழுங்குவீங்க? காட்டுங்க."

மருதப்பன் சட்டைப் பையிலிருந்து தன் பொட்டலத்தை எடுத்தான். அன்றைக்குப் போடவேண்டிய பன்னிரண்டும் அப்படியே இருந்தது. ஒன்றை எடுத்து நாக்கின் பின்னால், தொண்டைப் பக்கம் வைத்தான். தண்ணீரை ஊற்றித் தலையை அண்ணாந்தான். வழியெல்லாம் உரசிக்கொண்டு அது இறங்கியது. பூவம்மா முட்டிபோட்டு உட்கார்ந்து அவன் குரல்வளை ஏறி இறங்குவதைக் கவனமாகப் பார்த்தாள். பிறகு அவனைப் போலவே தலையை அண்ணாந்தாள். இந்தத் தடவை இறங்கிவிட்டது. அவளுக்கு ஒரே பெருமை. மிஸ்ஸி சொல்லிக் கொடுத்திருந்தபடி வாயை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கி அடியில் ஒன்றும் இல்லை என்று காட்டினாள்.

"போயிருச்சா?"

"போயிருச்சும்மா."

"இப்ப நீங்க."

கீழே குழாயடியில் தண்ணீர் குடத்தில் விழும் சத்தம் நின்று, முத்தாயியின் காலடி படிக்கட்டில் ஏறத் தொடங்கியது. பூவம்மா இன்னும் கிட்டே நகர்ந்து வந்து, அவன் தாடையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். அவள் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. மருதப்பன் மூச்சை அடக்கிக்கொண்டு வாயைத் திறந்தான்.